மீதி ஒன்று

இருபத்து நான்கு வருடங்களாக ஒரே ஒரு கணக்கை மட்டும் போட்டு வந்த ஒரு பெண்மணிக்கு, அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் கடிதம் வந்தது.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளர். வயிற்றைத் திறந்து வேலை செய்யும்போது ரத்தத்தை ஒற்றி எடுப்பதற்கென்று கைக்குட்டை அளவில் வெள்ளைத் துணிகள் உண்டு. தியேட்டரில் அவற்றுக்கு மாப் என்று பேர். ஐந்தைந்தாகக் கட்டி வரும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி ஒரு நீல நூல் ஓடும். கட்டுப் பிரிக்கப் பிரிக்க எத்தனை என்று அவள் சுவரிலிருக்கும் பலகையில் எழுதுவாள். ரத்தத்தில் ஊறி வெளியே வருகிறவற்றை ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவாள். தையல் போடுவதற்கு முன்னால், போனதிலிருந்து வந்ததைக் கழிப்பாள். ஒன்றும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் அது எங்கே இருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் எண்ணிக்கையில் தவறினாள் என்று ஒருவர் விரல் நீட்டியது கிடையாது. எல்லோருக்கும் அவள் எண்ணிக்கையக்கா. அங்கே கத்தி பிடிக்கும் பெரிய டாக்டர் முன்கோபக்காரர். கையில் கிடைத்த இடுக்கியைச் சுவரில் வீசியடிப்பார். அவரிடமே பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை, "ஒண்ணு குறையுது சார்" என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றாள். அவர் கத்தினார், காலைத் தரையில் உதைத்தார், எண்ணத் தெரியுமா என்று கேட்டார். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கையை விட்டுத் துழாவியபோது கல்லீரலுக்குப் பின்னாலிருந்து அது வந்தது. அன்றிலிருந்து எண்ணிக்கையக்கா வாயைத் திறக்காமல் அவர் ஊசி நூலைத் தொடுவதில்லை.

கடிதம் அடிப்படைத் திறன் சான்றளிப்பு வாரியத்திடமிருந்து வந்திருந்தது. எண்ணுதல், கூட்டுதல், கழித்தல் ஆகிய செயல்களில் ஈடுபடும் ஊழியர் அனைவரும் உரிய சான்றிதழ் பெற வேண்டும் என்றும், சான்றிதழ் இல்லாதவர் செய்யும் கழித்தல் கழித்தலாகக் கருதப்பட மாட்டாது என்றும் அதில் இருந்தது. அவள் அடுத்த திங்கட்கிழமை முதல் 'கழித்தல்: தொடக்கநிலை' என்னும் பன்னிரண்டு நாள் பயிற்சியில் சேர வேண்டும். அதுவரை அவள் இடத்தில், வாரியத்தின் முதல் அணியிலேயே தேறிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மேஜைமேல் வைத்திருந்த பதிவறை எழுத்தர் எண்ணுவார்.

அவள் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் போய், இத்தனை வருடமாக இந்தக் கணக்கைத்தானே போடுகிறேன் என்றாள்.

"நீங்க போடறது கணக்குன்னு யாரு சொன்னா? அது பழக்கம்" என்றார் அவர்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அவளுடைய நாத்தனாருக்கு பயிற்சி தொடங்கும் அதே வாரம் சனிக்கிழமை கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் என்று தேதி குறித்திருந்தார்கள். நாத்தனார் தையல்காரி. வாய் நீளம். ஆஸ்பத்திரி என்றாலே பத்தடி தள்ளி நிற்பவள், இரண்டு வருடமாக வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து, அண்ணி உள்ளே இருப்பாள் என்ற ஒரே தைரியத்தில்தான் சம்மதித்திருந்தாள். தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று அண்ணி கேட்டுப் பார்த்தாள். தள்ளினால் நான்கு மாதம் ஆகும் என்றார்கள். நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, எண்ணிக்கைதானே, ஒருத்தன் எண்ணாமலா போய்விடுவான் என்றாள். சொன்னவளுக்கும் அதில் நம்பிக்கை இல்லை, கேட்டவளுக்கும் இல்லை.

*

வாரியத்தின் கட்டடம் முன்பக்கம் புதுச் சுண்ணாம்பு பூசிப் பளபளவென்று இருந்தது. பின்பக்கம் மூன்று கழிப்பறைகள். இரண்டுக்குப் பூட்டு. மூன்றாவதில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி, அதில் என்னென்னவோ மிதந்தன. மனித உடம்புக்குள் இருப்பது அத்தனையையும் பார்த்தவள் எண்ணிக்கையக்கா. அவளே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். அங்கிருந்த 'கழிப்பறை' என்ற பலகையின்மேல் வெள்ளை அடித்து எழுத்தை மறைத்திருந்தார்கள். அறையைக் கழுவ நேரமில்லாதவர்களுக்குப் பலகையை அழிக்க நேரம் இருந்திருக்கிறது. காரணம் நான்காம் நாள்தான் விளங்கியது.

தொடக்க விழாவில் வாரியத்தின் இயக்குநர் ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினார். நல்ல கனத்த குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு கைதட்டலுக்கு இடம் விட்டார்.

"கழித்தல் என்றாலே மக்கள் அஞ்சுகிறார்கள். போய்விட்டதே, போய்விட்டதே என்று புலம்புகிறார்கள். நான் கேட்கிறேன், போனதை ஏன் பார்க்கிறீர்கள்? மீந்ததைப் பாருங்கள். மீதி என்பது சாதனை. எங்கே மீதி இருக்கிறதோ அங்கே கழித்தல் வெற்றி பெற்றிருக்கிறது. மீதி பூஜ்யம் என்றால் என்ன பொருள்? இத்தனை பாடுபட்டும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று பொருள். அதை வெற்றி என்று சொல்ல மனச்சாட்சி உள்ள எவராலும் முடியாது."

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. எண்ணிக்கையக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஏறின தலையிலிருந்து இறங்கின தலையைக் கழிப்பதுதான் அவளுக்கும் பிழைப்பு.

"என் வேன்ல மீதி ஒண்ணு நின்னா, ஒரு குழந்தை சீட்டுக்கடியில தூங்கிட்டிருக்குன்னு அர்த்தம்க்கா" என்று அவள் காதோடு சொன்னாள். "இந்தாளு அதையும் சாதனைம்பான் போல."

புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் முதல் எண் நூற்று நாற்பதாம் பக்கத்தில் வந்தது. அதற்கு முன்னால் இருந்தவையெல்லாம் இயக்குநரின் புகைப்படமும், வாழ்த்துரைகளும், கழித்தலுக்கு மனதைத் தயார்படுத்துவது எப்படி என்பதும்.

மனதைத் தயார்படுத்த மூன்று நாள் ஆயிற்று. பயிற்றுநர் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் இழந்த ஒன்றை நினைக்கச் சொன்னார். கிடங்கில் வேலை பார்க்கிற ஒருத்தி, போன வருடம் செத்துப்போன புருஷனை நினைத்துக்கொண்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். பயிற்றுநர் அவளைத் தடுக்காமல், 'பங்கேற்பாளர் ஒருவர் கழித்தலை உணர்வுபூர்வமாக உள்வாங்கினார்' என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதைப் படமும் எடுத்தார்கள். அழுகிறவள் முகம் தெளிவாக வரவில்லை என்று இன்னொருமுறை எடுத்தார்கள்.

இரண்டாம் நாள் தேநீர் வந்தபோது நாற்பது பேருக்கு முப்பத்து நான்கு கோப்பைகள்தான் இருந்தன. இன்னும் எத்தனை வேண்டும் என்று பரிமாற வந்தவர் கேட்டார். பயிற்றுநர் அலுவலகத்துக்குள் போனார். உள்ளேயிருந்து இருவர் வந்தார்கள். மூவரும் மூலையில் நின்று பேசினார்கள். வேன்காரம்மா பொறுக்க முடியாமல், ஆறு சார் என்று குரல் கொடுத்தாள். பயிற்றுநர் முகம் சுருங்கிவிட்டது. நாம் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை, வகுப்பில் சொல்லித்தராததை வைத்து முடிவெடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார். நாற்பது பேருக்கும் தேநீர் இல்லை என்று முடிவாயிற்று. முப்பத்து நான்கு கோப்பைத் தேநீரும் ஆடை கட்டி, பிறகு அந்த வெள்ளையடித்த பலகைக்குக் கீழே கொட்டப்பட்டது.

நான்காம் நாள் சொற்பாடம். கழித்தல் என்ற சொல்லுக்குக் கழிவறையோடு உறவு இருப்பதாக யாரோ கண்டுபிடித்து, பதினான்கு மாதம் குழு உட்கார்ந்து, அதற்கு 'மீதிகாணல்' என்று பெயர் மாற்றியிருந்தார்கள். அதைவிடப் பெரிய பிரச்சினை கடன். இரண்டிலிருந்து எட்டு போகாது, என்ன செய்வோம் என்று பயிற்றுநர் கேட்டதும், நாற்பது பேரும் சின்ன வயதில் படித்ததை மறக்காமல், பக்கத்தில் கடன் வாங்குவோம் என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

பயிற்றுநர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க. ஜனங்களைக் கடன்காரங்களாக்கறோம்னு மேலேர்ந்து கேக்கறாங்க. இனிமே அது 'அண்டை இட ஒத்துழைப்பு'. பத்தாம் இடத்தோட சம்மதத்தை ஓரத்துல குறிச்ச பிறகுதான் வாங்கணும்."

மறுநாளே தேர்வு. ஒரே கேள்வி. எழுபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு. எண்ணிக்கையக்கா நாற்பத்து நான்கு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். மற்றவர்கள் சம்மதம் கேட்டு, ஒத்துழைப்பு பெற்று, நன்றி குறித்து மூன்று பக்கம் எழுதினார்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு விடை ஐம்பத்து நான்கு என்று வந்தது, தேறிவிட்டார்கள். அவளுக்குப் பூஜ்யம். தாளின் மேல் சிவப்பு மையில், 'விடை சரி. அடைந்த வழி அங்கீகரிக்கப்படாதது' என்று எழுதியிருந்தது.

*

சனிக்கிழமை பயிற்சியின் ஆறாம் நாள். அவள் வகுப்பில் உட்கார்ந்து பத்தாம் இடத்தின் சம்மதத்தைக் குறித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாத்தனாரை உள்ளே கொண்டுபோனார்கள். மாலையில் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். நாத்தனார் மயக்கத்திலேயே, பூத்தையல் போட்டானா சும்மா ஓட்டிவிட்டானா என்று கேட்டாள். அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வாரியத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு உண்டு. திங்கட்கிழமை நாத்தனாருக்குக் காய்ச்சல் கண்டது. ஆபரேஷனுக்குப் பிறகு வருவதுதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். செவ்வாய் மாலை வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பேச்சு நிற்பதைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி பார்த்ததில்லை. குனிந்து போர்வையைச் சரிசெய்தபோது கட்டுத்துணியின் ஓரத்திலிருந்து ஒரு வாடை வந்தது. வார்டு நர்சு அதை மருந்து வாடை என்றாள். எண்ணிக்கையக்கா அந்த வாடையை இதற்கு முன்னால் இரண்டு தடவை முகர்ந்திருக்கிறாள். இரண்டு தடவையும், வேறு ஊர் ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பிய வயிற்றை இங்கே பிரித்தபோது.

மறுநாள் காலை அவள் பயிற்சிக்குப் போகவில்லை. நேரே பதிவறைக்குப் போனாள். எழுத்தர் சனிக்கிழமைத் தாளை எடுத்துக் காட்டினார். மறைக்க அவருக்கு ஒன்றும் இல்லை. அழகான கையெழுத்து, ஏழு படிகள், ஓரத்தில் சம்மதக் குறி, அடியில் இரட்டைக் கோடு. வைத்தவை முப்பத்தைந்து. எடுத்தவை முப்பத்து நான்கு. மீதி என்று ஒரு கட்டம். அதில் ஒன்று என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 'கணக்கு சரி' என்று கையொப்பம் இட்டிருந்தார்.

"முப்பத்தஞ்சுல முப்பத்துநாலு போனா ஒண்ணு. தப்பா?" என்றார்.

"தப்பில்ல."

"அப்புறம் என்ன?"

"அந்த ஒண்ணு எங்க?"

அவர் தாளைத் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டினார். "மீதிக் கட்டத்துல."

பெரிய டாக்டர் கேட்கவில்லையா என்றாள். கேட்டார், கணக்கு சரியா என்று கேட்டார், சரி என்று சொன்னேன், சரியாகத்தானே இருந்தது என்றார் எழுத்தர். அவர் கெட்ட மனிதர் இல்லை. பூஜ்யம் வராமல் மீதியோடு வந்ததில் உண்மையிலேயே சந்தோஷப்பட்டிருந்தார். எண்ணிக்கையக்கா அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தாள். அழுகுகிற துணியைக்கூடக் கழுவிவிடலாம், இதை என்ன செய்வது என்று தோன்றியது.

கண்காணிப்பாளர் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"பரீட்சையில நீங்க பூஜ்யம்னு வாரியத்துலேர்ந்து தகவல் வந்திருக்கு. தொடக்கநிலையே தேறாத ஒருத்தர், தேறினவர் போட்ட கணக்குல குத்தம் கண்டுபிடிச்சு, வயித்தை மறுபடி திறங்கன்னு சொல்றீங்க. நான் என்னன்னு எழுதறது?"

"எழுத வேண்டாம் சார். எக்ஸ்ரே எடுத்தாப் போதும்."

வாரியத்தின் கருத்தைக் கேட்டு எழுதுகிறேன், பதினைந்து வேலை நாளில் பதில் வரும் என்றார் அவர். பதினைந்து வேலை நாள் கழித்துப் பிணவறைக்குத்தான் பதிலை அனுப்ப வேண்டியிருக்கும் என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொல்லிக்கொண்டு நிற்க நேரமும் இல்லை.

பெரிய டாக்டர் நடையில் நான்கைந்து பேர் சூழ வந்துகொண்டிருந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"சார், ஒண்ணு குறையுது."

அவர் நின்றார். சான்றிதழ் கேட்கவில்லை, எந்த வழியில் விடை அடைந்தாய் என்றும் கேட்கவில்லை. முகம் வெளிறிப்போயிற்று.

"யாருக்கு?"

"என் நாத்தனாருக்கு. சனிக்கிழமை."

அரை மணியில் எக்ஸ்ரே வந்தது. இடுப்பெலும்புக்கு மேலே அந்த நூல் சுருண்டு, ஒரு புழு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, வந்து பலகையை எடு என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சான்றிதழ் பெற்ற எழுத்தரும் தன் படிவத்தோடு உள்ளே வந்து ஓரமாக நின்றார். விதிப்படி அவர் இருந்தாக வேண்டும்.

தையலைப் பிரித்ததும் வந்த நாற்றத்தில் இளைய நர்சு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான்கு கட்டு பிரித்தார்கள். இருபது மாப். எண்ணிக்கையக்கா ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். மேஜையில் கிடப்பது யார் என்பதை அவள் தன் மனதிலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்தாள். இருபதும் வந்தன. அவற்றுக்கு நடுவில், பச்சையும் மஞ்சளுமாகக் குழைந்து, துணி என்றே சொல்ல முடியாத ஒன்றும் இடுக்கியில் வந்தது. அதன் ஓரத்தில் நீல நூல் மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. அதையும் கம்பியில் கடைசியாகத் தொங்கவிட்டாள்.

"இருபத்தொண்ணு. எல்லாம் வந்துடுச்சு சார்."

எழுத்தர் படிவத்தை மடக்கிக்கொண்டு வெளியே போனார். அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டாள்.

*

நாத்தனார் பிழைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் பேச்சு வந்தது. நடந்ததையெல்லாம் அண்ணி சொல்லக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுக்கறவங்களுக்கு மிச்சத்துணியைத் திருப்பிக் குடுத்துடுவேன் அண்ணி. இவங்க உள்ளயே வெச்சுல்ல தெச்சிருக்காங்க" என்றாள். அண்ணி சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

பதினோராம் நாள் நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் பெரிய டாக்டர். அன்றைக்கே விசாரணையும் வந்து சேர்ந்தது. கண்காணிப்பாளர் அறையில் வாரியத்தின் இயக்குநரும் பயிற்றுநரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் உட்காரவில்லை. எண்ணிக்கையக்காவை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில், மடியில் துணிப்பையோடு, டிஸ்சார்ஜ் தாளுக்காக நாத்தனார் காத்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

இயக்குநர் இரண்டு படிவங்களையும் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, முதல் படிவத்தை எடுத்தார்.

"இதைப் பார்த்ததும் எனக்குப் பெருமையா இருந்தது. ஏழு படியும் இருக்கு. விடை நூத்துக்கு நூறு சரி. எங்க பயிற்சி எவ்வளவு ஆழமாப் போயிருக்குங்கறதுக்கு இதைவிடச் சான்று வேண்டாம். இவருக்குப் பாராட்டுக் கடிதம் பரிந்துரைக்கறேன்."

எழுத்தர் தரையைப் பார்த்தார்.

"அந்த மீதி ஒரு பொம்பளை வயித்துல இருந்துச்சு" என்றார் டாக்டர்.

"இருக்கலாம். நாங்க கழிக்கத்தான் கத்துக்குடுக்கறோம். மீதியை என்ன செய்யறதுங்கறது இடைநிலைப் பாடம். அதுக்கு இன்னும் பாடத்திட்டக் குழுவே அமைக்கல."

"உயிர் போயிருக்கும்."

"போகலையே" என்றார் இயக்குநர் கனிவாக. "அதையும் மீதின்னு பாருங்க டாக்டர்."

டாக்டர் கையில் இடுக்கி எதுவும் இல்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு இரண்டாம் படிவம். அதில்தான் சிக்கல் என்று பயிற்றுநர் ஆரம்பித்தார். வைத்தவை இருபது, எடுத்தவை இருபத்தொன்று என்று எழுதியிருக்கிறது. எழுத்தர் மீதிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். அவர் விட்டதும் முறைதான். ஏனென்றால் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது. நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கம். முடியாத ஒன்று நடந்திருக்க வழியில்லை. ஆகவே எண்ணியவர் தவறாக எண்ணியிருக்கிறார். எண்ணியவருக்குச் சான்றிதழும் கிடையாது, பத்தாம் நாளிலிருந்து வருகைப் பதிவும் கிடையாது.

இயக்குநர் தலையசைத்து, படிவத்தையும் பேனாவையும் எண்ணிக்கையக்கா பக்கம் நகர்த்தினார். இருபத்தொன்றை அடித்து இருபது என்று திருத்தி ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் அவள்மேல் நடவடிக்கை இருக்காது என்றும், திரும்ப முதல் நாளிலிருந்து பயிற்சியில் சேர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். வாரியம் யாரையும் பழிவாங்குவதில்லை என்றார்.

அவள் பேனாவைத் தொடவில்லை.

"இருபதுன்னு எழுதினா, அந்தத் துணி இன்னும் அவ வயித்துலதான் இருக்குன்னு ஆகும் சார்."

இயக்குநர் பயிற்றுநரைப் பார்த்தார். பயிற்றுநர் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் கோடு பிடித்துப் பார்த்தார்.

"பதிவேட்டின்படி, ஆமா" என்றார்.

இப்போது கண்காணிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயிற்றில் துணி உள்ள நோயாளியை வீட்டுக்கு அனுப்ப விதியில் இடமில்லையே என்று கவலைப்பட்டார். இயக்குநரும் அது நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டார். பதிவேடு திருந்தும்வரை நோயாளி வார்டிலேயே இருப்பதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு என்று பேசி முடித்தார்கள். பேசி முடித்த திருப்தியில் கண்காணிப்பாளர் மணியடித்துத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

கதவு முழுசாகத் திறந்தது. சக்கர நாற்காலியை விட்டு எழுந்து, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாத்தனார் நின்றாள். பத்து நாளில் பாதியாகிப்போன உடம்பு. வாய் மட்டும் குறையவில்லை.

"துணி அந்தப் பதிவேட்டுலதானே இருக்கு? அப்ப அதையே கொண்டுபோய்க் கட்டில்ல படுக்க வையுங்க. நான் வீட்டுக்குப் போறேன். வாங்க அண்ணி."

எண்ணிக்கையக்கா திருத்தாத படிவத்தை அப்படியே மேஜையில் விட்டுவிட்டு வெளியே வந்தாள். வாசலில் காவலாளி டிஸ்சார்ஜ் தாள் கேட்டார். பின்னாலேயே வந்த பெரிய டாக்டர், தன் பையிலிருந்த சீட்டில் என்னவோ கிறுக்கி அவரிடம் கொடுத்துவிட்டு, நாத்தனாரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உங்க மேல தப்பில்லைன்னு சொல்ல மாட்டேன் டாக்டர்" என்றாள் நாத்தனார். "ஆனா திரும்பத் திறந்தீங்களே, அதுபோதும்." அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

மறுநாள் அவர் கத்தியைத் தொட மறுத்துவிட்டார். எண்ணிக்கையக்கா பலகைக்குப் பக்கத்தில் நின்றால்தான் ஆபரேஷன் என்றார். மூன்று நாள் தியேட்டர் காலியாகக் கிடந்தது. நான்காம் நாள் கண்காணிப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். துணிகளைத் தொங்கவிடுபவர் என்று ஒரு புதுப் பதவி உண்டாக்கி, அதில் அவளை அமர்த்தினார். தொங்கவிடுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. வாரியம் இன்னும் அதற்குப் பயிற்சி ஆரம்பிக்கவில்லை. அவள் தொங்கவிடுகிறாள். தொங்கவிடும்போது வாய்விட்டு எண்ணுகிறாள். எழுத்தர் அவள் சொல்வதை அப்படியே எழுதிக் கையொப்பம் இடுகிறார். பாராட்டுக் கடிதம் வந்தபோது அவர் அதற்குச் சட்டம் போடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஏதோ வேலையாக எண்ணிக்கையக்கா பெண்கள் வார்டுக்குப் போனாள். நாத்தனார் படுத்திருந்த கட்டில் காலியாக இருந்தது. வெளியே வராந்தாவில் இரண்டு நோயாளிகள் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். இதை ஏன் அவர்களுக்குத் தரவில்லை என்று நர்சிடம் கேட்டாள். ஆள் இருக்கிற கட்டிலை எப்படித் தருவது என்று நர்சு திருப்பிக் கேட்டாள்.

விரிப்பை அன்று காலைதான் மாற்றியிருந்தார்கள். தலைமாட்டில் ரொட்டியும் பாலும் வைத்திருந்தது. பாலில் ஈ மொய்த்தது. கால்மாட்டில் அட்டை தொங்கியது. முப்பது நாளுக்கும் காய்ச்சல் அளவு விடாமல் குறித்திருந்தார்கள். கடைசி வரியில், அன்றைய தேதியிட்டு, 'வயிற்றில் துணி ஒன்று உள்ளது. நோயாளியின் நிலை திருப்திகரம்' என்று எழுதியிருந்தது.